அசையாக் கல்லுக்கு ஒரு பவனி

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. "இருந்தது" என்கிறேன், கவனியுங்கள் குட்டிகளே. இப்போது அங்கே போய்த் தேடினால் காய்ந்த சேறும் ஒரு பெரிய குழியும்தான் கிடைக்கும். அந்தக் குழியை யார் தோண்டினார்கள் என்று இப்போதே கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

குளம் மலைச் சரிவில் இருந்தது. கீழ்ப்பக்கம் ஒரு கரை. கரையின் நடுவில் ஒரு பெரிய துவாரம். துவாரத்தில் கரடுமுரடான ஒரு கல், பல்லும் பல்லும் கடித்த மாதிரி இறுகிப் பொருந்தியிருந்தது.

காட்டைப் படைத்த நாளிலேயே ஆண்டவர் எல்லா விலங்குகளையும் கூப்பிட்டுச் சொன்னார்: "இது உங்கள் குளம். குடியுங்கள், குளியுங்கள், கும்மாளம் போடுங்கள். கரையில் இருக்கிற அந்தக் கல்லை மட்டும் அசைக்காதீர்கள்."

அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டளை. பத்துகூட இல்லை.

"சரி ஆண்டவரே" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தார்கள். வருஷங்கள் போயின. கல்லும் அசையவில்லை, குளமும் வற்றவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது ஒரு நரி.

அந்த நரிக்கு விழாப் பைத்தியம். மழை வந்தால் வரவேற்பு விழா, மழை நின்றால் வழியனுப்பு விழா. மயில் ஓர் இறகை உதிர்த்ததற்குக்கூட அது பாராட்டுக் கூட்டம் போட்டது. வழுக்கை விழுந்த இடத்தைக் காட்டி மயிலும் நன்றியுரை சொல்ல வேண்டியதாயிற்று.

(மற்றவர்களை எல்லாம் அவர், அவள் என்று சொல்வேன். நரியை மட்டும் 'அது' என்றுதான் சொல்வேன். எனக்கு அதன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.)

ஒருநாள் நரி ஒரு பாறைமேல் ஏறி நின்று, "ஆண்டவர் நமக்குக் கொடுத்தது ஒரே கட்டளை. அந்தக் கட்டளைக்கு இத்தனை வருஷமாக ஒரு மாலை போட்டோமா? ஒரு பொன்னாடை போர்த்தினோமா? நன்றி கெட்ட ஜென்மங்களே!" என்று கத்தியது.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அன்றைக்கே கல் விழாக் கமிட்டி அமைந்தது. நரி செயலாளர். தலைவர் யானை அண்ணாச்சி. அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் புகழ்ச்சி என்றால் உயிரை விடுவார். "எனக்கு எதற்கப்பா இந்த மாலையெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே கழுத்தை நீட்டினார்.

முதல் வருஷம் கல்லுக்கு முன்னால் பேச்சு. "கல்லை ஏன் அசைக்கக்கூடாது?" என்ற தலைப்பில் நரி காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசியது. ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் கல்லுக்கு மாலை, பொன்னாடை, காடு முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்து. மூன்றாம் வருஷத்துக் கூட்டத்தில் நரி வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"இந்த வருஷம் பவனி! கல்லைச் சப்பரத்தில் ஏற்றிக் காட்டைச் சுற்றி மூன்று சுற்று!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரே ஓர் ஆள்தான் கைதட்டவில்லை. தவளையக்கா.

தவளையக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். அந்த மாதம் அவளுக்கு முந்நூறு தலைப்பிரட்டைகள் பிறந்து குளத்தில் நீந்திக்கொண்டிருந்தன. முதல் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாகப் பெயர் வைத்தாள். பத்தாவதுக்கு வரும்போது பெயர் தீர்ந்துபோயிற்று. அதனால் மிச்சம் இருந்த எல்லாருக்கும் "ஏய்" என்றே பெயர். "ஏய்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், பெயர் வைத்தது வைக்காதது எல்லாம் சேர்ந்து முந்நூறு வால்களும் ஒன்றாக ஆடும். குளம் வற்றினால் மற்றவர்களுக்குத் தாகம் மட்டும்தான். அவளுக்குப் பிள்ளைகளே போய்விடும்.

"செயலாளரே, கல்லை அசைக்கக்கூடாது என்றல்லவா ஆண்டவர் சொன்னார்?" என்று அவள் கேட்டாள்.

"அசைத்தால்தானே அக்கா தப்பு?" என்றது நரி. "நாம் அசைக்கவா போகிறோம்? தூக்கத்தானே போகிறோம்!"

"ஆமாம், ஆமாம்!" என்று கூட்டம் தலையாட்டியது.

"தண்ணீர் போய்விட்டால்?"

"ஆண்டவருக்காக விழா எடுக்கிறோம். ஆண்டவர் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா? நம்பிக்கை வேண்டாமா அக்கா?" நரி குரலைத் தாழ்த்தியது. "அது கிடக்கட்டும். பாட்டு யார் எடுப்பது? முதல் பாட்டு எடுக்காமல் பவனி கிளம்பாது. அது நம் காட்டு வழக்கம். உங்கள் தொண்டையை விட்டால் இந்தக் காட்டில் வேறு தொண்டை ஏது?"

தவளையக்காவின் தொண்டை தானாகவே கொஞ்சம் உப்பியது. வந்த கேள்வியை விழுங்கிவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை குட்டிகளே, நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அழைப்பிதழ் மலையுச்சிக்கும் போனது. அங்கே இருந்த ஆமையார் படித்துப் பார்த்துப் பதறிப்போனார். "அடப்பாவிகளா! கல்லை அசைக்கக்கூடாதே! இதோ வந்து தடுக்கிறேன்" என்று அந்த நிமிஷமே கிளம்பிவிட்டார். அவரால் முடிந்த வேகத்தில் ஓடிவந்தார். விழா நாளன்று அவர் தன் வீட்டு வாசலைத் தாண்டியிருந்தார்.

விழாவன்று அண்ணாச்சி துதிக்கையால் கல்லைச் சுற்றிப் பிடித்தார். "ம்ம்ம்" என்று ஓர் இழு இழுத்தார். பொளக்கென்று கல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் பீறிட்டுக்கொண்டு பள்ளத்தாக்கில் கொட்டியது.

"பார்த்தீர்களா, பார்த்தீர்களா!" என்று நரி குதித்தது. "குளமே ஆனந்தக் கண்ணீர் விடுகிறது!"

கூட்டத்தில் பாதிப்பேர் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முள்ளம்பன்றி மேஸ்திரி கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு எதைக் கண்டாலும் தேய்க்க வேண்டும். "இத்தனை முரடாகவா பவனி போவது? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று சொல்லிவிட்டு முதுகு முள்ளால் கறகறவென்று தேய்க்க ஆரம்பித்தார். கல்லின் பற்களெல்லாம் பொடியாக உதிர்ந்தன. வேலை முடிந்தபோது கல் கொழுக்கட்டைபோல மொழுமொழுவென்று ஆகியிருந்தது.

தவளையக்கா குளத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. "அண்ணாச்சி, இப்போதே கல்லைத் திருப்பி வைத்துவிடலாமே" என்றாள்.

"அக்கா, தொண்டையைக் கனைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றது நரி.

எல்லாரும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாடிவிட்டாள். பவனி கிளம்பிவிட்டது.

முதல் சுற்றில் கல்லுக்கு மாலை. இரண்டாம் சுற்றில் அண்ணாச்சிக்கு மாலை. மூன்றாம் சுற்றில் மாலை தீர்ந்துபோனதால் கல்லின் மாலையைக் கழற்றி நரி தானே போட்டுக்கொண்டது. "அசையாதே, அசையாதே, ஆண்டவர் கல்லே அசையாதே!" என்று பாடிக்கொண்டு அந்தக் கல்லைக் காடெல்லாம் சுமந்துகொண்டு திரிந்தார்கள். சிரிக்காதீர்கள். அவர்கள் பக்தியோடுதான் பாடினார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். குளத்தைக் காணோம்.

நடுவில் ஒரு குட்டை மட்டும் கிடந்தது. அதிலிருந்தும் ஒரு வாய்க்கால் மாதிரி தண்ணீர் துவாரத்தின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தவளையக்கா விழுந்து எழுந்து ஓடினாள்.

"ஏய்!" என்று கூப்பிட்டாள்.

பாதி வால்கள்தான் ஆடின.

"ஏய்!" என்று மறுபடியும் கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அந்தப் பாதிதான் மறுபடியும் ஆடியது. மற்றப் பாதி தண்ணீரோடு தண்ணீராகப் பள்ளத்தாக்கில் போய்விட்டது.

"கல்லை வை! கல்லை வை!" என்று எல்லாரும் அலறினார்கள். அண்ணாச்சி ஓடிப்போய்க் கல்லைத் துவாரத்தில் வைத்தார். பல் இருந்தால்தானே கல் கடித்துக்கொண்டு நிற்கும்? மொழுமொழுக் கல் அந்தப் பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது. டமால், டமால், டமால் என்று உருண்டுபோய்ப் பள்ளத்தாக்கில் மறைந்தது.

நரி தொண்டையைச் செருமியது. "ஆக, நம் கல் ஆண்டவரிடமே போய்ச் சேர்ந்துவிட்ட இந்த இனிய வேளையிலே..."

"வாயை மூடு!" என்றாள் தவளையக்கா.

அதுவரை அந்தக் காட்டில் யாரும் நரியிடம் அப்படிச் சொன்னதில்லை. அதனால் நரிக்கு வாயை மூடுவது எப்படி என்றே தெரியவில்லை. திறந்த வாயோடு நின்றது.

அப்போது ஆண்டவரின் குரல் கேட்டது. "இங்கே என்ன நடந்தது?"

"ஆண்டவரே, உமக்காகத்தான் விழா எடுத்தோம்" என்றது நரி.

"நான் விழா கேட்டேனா?"

"இல்லை."

"பவனி கேட்டேனா?"

"இல்லை. நாங்களாகவே, பிரியத்தால்..."

"கல்லைப் பற்றி என்ன சொன்னேன்?"

"அசைக்காதீர்கள் என்று சொன்னீர். அந்தச் சொல்லைக் கொண்டாடத்தான் ஆண்டவரே கல்லைத் தூக்கினோம்."

 வானத்தையும் பூமியையும் ஒரே சொல்லால் உண்டாக்கிய ஆண்டவர், "கொண்டாடவா தூக்கினீர்கள்?" என்று இரண்டு முறை கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "கல்லைத் தூக்கியது யார்?"

 "நா... நான்தான்" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி பின்னால் நகர்ந்தார். நகர்ந்தவர் கால் தடுக்கித் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் துவாரம். அவருடைய பின்பக்கம் அதில் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.

ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"அண்ணாச்சி!" என்று தவளையக்கா ஓடி வந்தாள். "உங்கள் காலில் விழுகிறேன், அசையாதீர்கள்! இந்தக் குட்டையாவது மிஞ்சட்டும்!"

"உறுத்துகிறதே தங்கச்சி. எத்தனை நாளைக்கு?"

"பிள்ளைகளுக்குக் கால் முளைத்துக் கரை ஏறும்வரைக்கும்."

"எத்தனை கால்?"

"நாலு."

"எல்லாருக்கும் சேர்த்தா?"

"ஆளுக்கு நாலு அண்ணாச்சி."

அண்ணாச்சி வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, நான் எழுந்திருக்கலாமா?" என்று கேட்டார்.

"சொன்ன இடத்தில் கல் இருந்திருந்தால் நீ இப்போது நடந்துகொண்டிருப்பாய்" என்றார் ஆண்டவர். அதோடு குரல் நின்றுவிட்டது.

அண்ணாச்சி உட்கார்ந்தார். முதுகு அரித்தது, அசையவில்லை. எறும்பு காதுக்குள் போய் அந்தக் காது வழியாகவே திரும்பி வந்தது, அசையவில்லை. மற்ற விலங்குகள் தண்ணீருக்கு இரண்டு மலை தாண்டி ஆற்றுக்கு நடந்தார்கள். போகும்போது தாகம், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் தாகம்.

உட்கார்ந்திருக்கிற யானைக்குத் தீனி யார் சுமப்பது? எல்லாரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு யானை என்ன சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நரி எவ்வளவு சுமக்கும் என்றும் தெரியும். நரி பொழுது விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை ஒவ்வொரு கிளையாக இழுத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு கிளையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்று கேட்டார்.

முப்பத்தைந்தாம் நாள் நரிக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று. யானை எழுந்தால்தான் தன் சுமை இறங்கும் என்று அதற்குப் புரிந்தது. யானையை எழுப்ப என்ன வழி? நரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதானே!

மறுநாள் காலையில் மேளம் கேட்டது. காட்டு விலங்குகள் சப்பரத்தோடு வந்து நின்றார்கள். முப்பத்தாறு நாள் கொண்டாட்டம் இல்லாமல் இருந்ததில் அவர்களுக்கும் கால் பரபரத்தது.

"அசையா அண்ணாச்சிப் பெருவிழா!" என்று நரி முழங்கியது. "ஒரு கல் செய்கிற தியாகத்தை ஒரு யானை செய்திருக்கிறார்! இவரைச் சப்பரத்தில் ஏற்றிக் காட்டைச் சுற்றி மூன்று சுற்று கொண்டுபோகாவிட்டால் நாம் நன்றி கெட்டவர்கள் ஆக மாட்டோமா?"

தவளையக்கா குட்டையைத் திரும்பிப் பார்த்தாள். குட்டையில் பிள்ளைகளுக்குப் பின்கால்கள் முளைத்திருந்தன. முன்கால்கள் மொட்டுவிட்டிருந்தன. இன்னும் ஐந்து நாள், ஐந்தே நாள் வேண்டும்.

"அண்ணாச்சி..." என்றாள்.

அண்ணாச்சியின் காதுகள் மேளத்துக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டிருந்தன. "எனக்கு எதற்கப்பா இதெல்லாம்?" என்றார். கழுத்து நீண்டது. கழுத்து நீண்டால் இடுப்பு தூக்கும் அல்லவா? தூக்கியது. அடியில் நூல் மாதிரி தண்ணீர் கசிந்தது.

"அக்கா!" என்று நரி பல்லைக் காட்டியது. "நடந்ததை மறந்துவிடுவோம். உங்கள் பாட்டுக்குத்தான் காத்திருக்கிறோம். ஒரே ஒரு பாட்டு எடுங்கள், பவனி கிளம்பட்டும்."

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பாழாய்ப்போன அந்தத் தொண்டை, கேட்டவுடனே உப்ப ஆரம்பித்தது. தவளையக்கா சட்டென்று குனிந்தாள். இரண்டு கையாலும் சேற்றை அள்ளினாள். வாய்க்குள் அடைத்தாள். மறுபடியும் அள்ளினாள், மறுபடியும் அடைத்தாள். கன்னம் இரண்டும் பிதுங்க, கண்ணில் நீர் வழிய, அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேளம் தடுமாறி நின்றது. முதல் பாட்டு இல்லாமல் பவனி எப்படிக் கிளம்பும்?

"நான் எடுக்கிறேன் பாட்டு" என்று நரி வாயைத் திறந்தது. அது ஊளையாகத்தான் வந்தது. அந்த ஊளைக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல் கேட்டது.

"அசைக்காதீர்கள்! நான் சொல்கிறேன், அதை அசைக்காதீர்கள்!"

திரும்பிப் பார்த்தால் ஆமையார். மூன்றாம் வருஷத்து விழாவைத் தடுக்கக் கிளம்பியவர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றுமே தெரியாது. கரையைப் பார்த்தார். கல் இருந்த இடத்தில் ஒரு யானை இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"கல் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது" என்றார். "ஆனாலும் ஆண்டவர் சொன்னது சொன்னதுதான். அசைக்காதீர்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி தவளையக்காவின் சேறு நிறைந்த வாயைப் பார்த்தார். தனக்கு அடியில் கசிகிற நூல் தண்ணீரைப் பார்த்தார். நீட்டிய கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். தொப்பென்று பழையபடி உட்கார்ந்தார்.

"மாலையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார். "போகிறபோது செயலாளரிடம் என் மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

ஐந்து நாள் கழித்து ஒரு காலையில் தவளையக்கா குட்டை ஓரத்தில் நின்று, "ஏய்!" என்று கூப்பிட்டாள். நூற்றைம்பது குட்டித் தவளைகள் தத்தித் தத்திக் கரை ஏறின. சில அவள் முதுகில் ஏறின, சில அண்ணாச்சியின் தலையில் ஏறின. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"எழுந்திருக்கலாமா தங்கச்சி?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"எழுந்திருங்கள் அண்ணாச்சி."

அவர் எழுந்தார். குட்டையில் மிஞ்சியிருந்த தண்ணீரும் ஒரு நிமிஷத்தில் ஓடிப்போயிற்று. அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு யானை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. நான் முதலில் சொன்ன குழி அதுதான்.

நரி குழியைச் சுற்றி ஒரு முறை வந்தது. "இந்தக் குழிக்கு ஒரு..." என்று ஆரம்பித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் ஆற்றுக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு மலை தாண்ட வேண்டும் அல்லவா?

தவளையக்கா மட்டும் கிளம்பவில்லை. பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பி, "ஏய்!" என்று இன்னொரு முறை கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு இருக்கிற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

நீதி: ஆண்டவர் தம் சொல்லுக்கு மாலை கேட்கவில்லை, கீழ்ப்படிதலைத்தான் கேட்டார், மீறிவிட்டு மேளம் கொட்டினால் போன தண்ணீர் திரும்பாது.